“எங்க காலத்துல டைவர்ஸே இல்ல” – தோட்டத்துக் கல்யாணங்களைப் பற்றிக் கொஞ்சம் வரலாறு

கொஞ்சம் நீளமான பதிவு இது. பொறுமையா படிங்க, வீட்டில் உள்ள பெரியவங்களுக்கும் படிச்சுக் காட்டுங்க.

நம்ம கோயிலில் கல்யாணப் பேச்சு எடுத்தாலே யாராவது ஒருத்தர் இதைச் சொல்லிடுவாங்க: “எங்க காலத்துல டைவர்ஸ்னு ஒரு வார்த்தையே கிடையாது. இப்ப உள்ள பிள்ளைங்களுக்குப் பொறுமை இல்ல.” கேட்குறவங்க தலையாட்டுவாங்க. பேச்சு அதோட முடிஞ்சிடும்.

அந்த வார்த்தை இல்லைங்கிறது உண்மைதான். ஆனா புருஷன் பொண்டாட்டி பிரியுறது இல்லாம இருந்துச்சா? அதைப் பத்தித்தான் எழுத வந்தேன். நான் எஸ்பிஎம் வரைக்கும் படிச்சவன். ஃபேக்டரியில் சூப்பர்வைசர். வக்கீல் இல்ல, பேராசிரியர் இல்ல. ஆனா தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். கோயில் தொண்டில் இருக்குறதால கல்யாணப் பத்திரம், பிறப்புப் பத்திரம்னு அலையுற குடும்பங்களோட பதிவிலாகாவுக்கும் போய் வர்றவன். பார்த்ததையும் படிச்சதையும் சேர்த்துச் சொல்றேன்.

முதல்ல நாட்டு நிலவரம். மலேசியாவில் 2021-ஆம் ஆண்டு பதிவான மணமுறிவு 43,936. அடுத்த ஆண்டு, 2022-இல், 62,890. இது முஸ்லிம், முஸ்லிம் அல்லாதவர் எல்லாரையும் சேர்த்த கணக்கு. இந்த எண் வெளியானப்போ வாட்ஸ்அப் முழுக்க “கலிகாலம்”னு செய்தி பறந்துச்சு. ஆனா ஒண்ணை யோசிக்கணும். 2021-இல் நடமாட்டக் கட்டுப்பாடு இருந்துச்சு. கோர்ட்டும் அலுவலகமும் பாதி நாள் மூடிக் கிடந்துச்சு. தேங்கிக் கிடந்த வழக்கெல்லாம் அடுத்த வருஷம் சேர்ந்து வந்துச்சு. அதுக்கு அடுத்த வருஷம் எண்ணிக்கை கொஞ்சம் குறைஞ்சும் போச்சு. அதனால எண்ணைப் பார்த்து மட்டும் குடும்பத்தை எடை போட முடியாது. கதவு திறந்தா வெளிய வர்றவங்க தெரிவாங்க. கதவு மூடியிருந்தா உள்ளே என்ன நடக்குதுன்னு தெரியாது.

நம்ம வரலாறும் அப்படித்தான்.

கப்பல் ஏறி வந்த குடும்பங்கள்

ஜொகூர் பாரு வரைக்கும் ரயில் பாதை முடிஞ்சது 1909-இல். அந்தத் தடத்தை ஒட்டிக் காடழிச்சு கித்தாத் தோட்டம் போட்டாங்க. குளுவாங், லாயாங் லாயாங், செடெனாக், கூலாய் பக்கமெல்லாம் நம்ம ஆளுங்க இப்படித்தான் வந்தாங்க. ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நின்னுச்சு. கங்காணி முறை தொடர்ந்துச்சு. கங்காணி தன் ஊருக்குப் போய் ஆள் சேர்ப்பார். நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் முகாம் இருந்துச்சு. அங்கே தங்க வெச்சு, சோதிச்சு, கப்பல் ஏத்துவாங்க.

ஆரம்பத்தில் வந்ததில் பெரும்பாலும் ஆம்பளைங்க. பொம்பளைங்க ரொம்பக் குறைவு. அதனால முகாமிலேயே தனியாளா வந்த ஆணையும் பெண்ணையும் புருஷன் பொண்டாட்டின்னு எழுதிச் சேர்த்து அனுப்பினதும் நடந்திருக்கு. இதைப் பத்தியெல்லாம் அருணிமா தத்தா என்ற வரலாற்று ஆய்வாளர் 2021-இல் ஒரு புத்தகமே எழுதியிருக்காங்க. அந்தக் காலத்து ஆவணங்களைத் தேடிப் படிச்சு, தோட்டத்துப் பெண்கள் வாழ்க்கையை எழுதியிருக்காங்க. புருஷனை விட்டுட்டு வேறொருத்தரோட போன பொம்பளைங்க, அதனால வந்த வழக்குகள், அடிதடி, கொலை எல்லாம் அதில் இருக்கு.

இதுக்கு ஒரு சட்டமே இருந்துச்சு. கல்யாணமான பொம்பளையை ஆசை காட்டிக் கூட்டிட்டுப் போறது குற்றம்னு தண்டனைச் சட்டத்தில் 498-ஆம் பிரிவு. வெள்ளைக்காரன் 1860-இல் இந்தியாவுக்கு எழுதின சட்டத்தில் இருந்து இங்கே வந்தது. அந்தச் சட்டத்தில் பொண்டாட்டி யாரோ ஒருத்தருடைய பொருள் மாதிரி. புருஷன் மட்டும்தான் புகார் பண்ணலாம், பொண்டாட்டி பண்ண முடியாது. இந்தப் பிரிவு நம்ம நாட்டில் எப்ப செல்லாம போச்சு தெரியுமா? 2023 டிசம்பரில்தான். கூட்டரசு நீதிமன்றம் அரசியலமைப்புக்கு எதிரானதுன்னு தள்ளுபடி பண்ணுச்சு.

நான் கேட்குறது இதுதான். நடக்காத ஒண்ணுக்கு யாராவது சட்டம் எழுதி, நூறு வருஷத்துக்கும் மேல வெச்சிருப்பாங்களா? தோட்டத்தில் குடும்பம் உடையாம இருந்திருந்தா அந்த வழக்குகள் எங்கே இருந்து வந்துச்சு?

தாலி உண்டு, பத்திரம் இல்ல

அப்ப கல்யாணம் எப்படி நடந்துச்சு? தோட்டத்து மாரியம்மன் கோயிலில், பூசாரி முன்னால, கங்காணியும் பெரியவங்களும் பார்க்க, தாலி கட்டு. அன்னைக்கு ஒரு நாள் லீவு. லயத்தில் சாப்பாடு. மறுநாள் காலையில் பெரட்டுக்குப் பேர் கொடுக்கணும். அவ்வளவுதான். எந்தப் புத்தகத்திலும் பேர் பதியல. 1952-இல் பதிவுத் திருமணத்துக்கு ஒரு சட்டம் வந்துச்சு. ஆனா வழக்கப்படி கல்யாணம் பண்ணுற இந்துக்களுக்கு அது கட்டாயம் இல்ல. நம்ம ஆளுங்கள்ல பெரும்பாலானவங்க அந்தப் பக்கமே போகல.

அதே 1952-இல் மணமுறிவுக்கும் ஒரு சட்டம் வந்துச்சு. அது ஒருத்தனுக்கு ஒருத்தின்னு இருக்குற கல்யாணத்துக்கு மட்டும்தான். நம்ம வழக்கத்தில் ஆம்பளை ரெண்டாவது கட்டலாம்னு இருந்ததால, கோயிலில் தாலி கட்டின கல்யாணம் அந்தச் சட்டத்துக்குள்ள வரல. அதாவது, நம்ம பாட்டிமார் காலத்தில் ஒரு பொம்பளை “எனக்கு இவன் வேணாம்”னு கோர்ட்டுப் படி ஏறினாலும், அவளுக்கு அங்கே திறக்குற கதவு இல்ல. டைவர்ஸ் இல்லாததுக்குக் காரணம் எல்லாரும் சந்தோஷமா இருந்தது இல்ல. கேட்குறதுக்கு இடமே இல்ல.

அப்ப பிரிவு எப்படி நடந்துச்சு? நம்ம பேச்சு வழக்கை நினைச்சுப் பாருங்க, அதிலேயே இருக்கு. “அவன் அடுத்த தோட்டத்துக்குப் போயிட்டான்.” “அவ தாய் வீட்டோட இருக்கா.” “சின்ன வீடு வெச்சிருக்கான்.” “அவங்க சேர்ந்து இருக்காங்க.” “அறுத்துக் கட்டிக்கிட்டா.” இது எல்லாமே பிரிவைப் பத்தின வார்த்தைங்கதான். இங்கிலீஷில் டைவர்ஸ்னு சொல்லல, அவ்வளவுதான். பஞ்சாயத்தில் தீர்த்து விட்டுட்டு மறுகல்யாணம் பண்ணுற வழக்கம் ஊரில் பல சமூகத்தில் பழைய காலத்தில் இருந்தே உண்டு. இந்தியாவில் 1955-இல் இந்துத் திருமணச் சட்டம் வந்தப்போகூட, அப்படிப்பட்ட வழக்கத்தை அது ரத்து பண்ணல. அதுக்கும் முன்னாலயே, 1949-இல், மெட்ராஸ் மாகாணத்தில் இந்துக்களுக்கு மணமுறிவு உரிமை கொடுத்து, ரெண்டாவது கல்யாணத்தைத் தடுத்து ஒரு சட்டம் போட்டாங்க. தாய்நாட்டில் அந்தக் கதவு 1949-இல் திறந்துச்சு. இங்கே நமக்குத் திறக்க இன்னும் 33 வருஷம் ஆச்சு.

பிரிச்சதில் சண்டை சச்சரவு மட்டும் இல்ல, காலமும் பிரிச்சுச்சு. 1938-இல் கூலியாள் அனுப்புறதை இந்திய அரசு நிறுத்துச்சு. ஊரில் பொண்டாட்டி, இங்கே புருஷன்னு மாட்டிக்கிட்டவங்க உண்டு. அப்புறம் ஜப்பான்காரன் காலம். 1942, 43-இல் சயாம் மரண ரயிலுக்கு ஆயிரக்கணக்கில் நம்ம ஆம்பளைங்களைக் கொண்டு போனாங்க. பலர் திரும்பல. திரும்பி வருவாரா மாட்டாரான்னு தெரியாம பொம்பளைங்க பிள்ளைகளை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவாங்க? வேற ஒருத்தரோட குடும்பமானாங்க. அதை யாரும் தப்புன்னு சொல்லல. 1969 வாக்கில் குடியுரிமை இல்லாதவங்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமாச்சு. பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குத் திரும்பினாங்க. அப்பவும் குடும்பங்கள் ரெண்டா உடைஞ்சுச்சு.

இதில் ஒண்ணுகூட எந்த மணமுறிவுக் கணக்கிலும் இல்ல.

ஏன் தாங்கிக்கிட்டாங்க

“சரி, ஆனா பெரும்பாலானவங்க கடைசி வரைக்கும் சேர்ந்துதானே வாழ்ந்தாங்க?” அதுவும் உண்மைதான். அன்பா வாழ்ந்தவங்க நிறைய பேர். ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒருத்தர் போன மூணு மாசத்தில் இன்னொருத்தரும் போன தம்பதிகளை நானே பார்த்திருக்கேன். அதைக் குறைச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா தாங்கிக்கிட்டவங்க ஏன் தாங்கிக்கிட்டாங்கன்னும் பார்க்கணும்.

வீடு தோட்டத்து வீடு. வேலை இருக்குற வரைக்கும்தான் வீடு. புருஷனை விட்டுப் போனா தலைக்கு மேல கூரை கிடையாது. பொம்பளைங்களும் பால் வெட்டினாங்க, ஆம்பளைக்குச் சமமா விடியக்காலையில் எழுந்து. ஆனா கூலி சமம் இல்ல. 1920-களின் கடைசியில் சில பகுதிகளில் நிர்ணயிச்ச நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அந்த 40 காசும் பல வீட்டில் அவ கையில் தங்காது.

அப்புறம் கள்ளுக்கடை. தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை வெச்சிருந்தாங்க. சம்பளம் ஒரு வாசல்ல வந்து இன்னொரு வாசல்ல போயிடும். அதை எதிர்த்துத்தான் 1946, 47-இல் கெடாவில் தொண்டர் படைன்னு இளைஞர்கள் கிளம்பினாங்க. தோட்டத்துப் பொம்பளைங்களும் பின்னால நின்னாங்க. கள்ளு போன வீட்டில் அடி விழுந்தது எல்லாருக்கும் தெரியும். என் பாட்டி சொல்லுவாங்க, “லயத்துல சுவரு மெல்லிசு, ஒரு வீட்டு அடி பத்து வீட்டுக்குக் கேட்கும்”னு. கேட்டுச்சு. ஆனா எழுதி வைக்க இடம் இல்ல. குடும்ப வன்முறைன்னு ஒரு சட்டம் நம்ம நாட்டில் வந்தது 1994-இல்தான். அமலுக்கு வந்தது 1996-இல்.

அதனால நம்ம பாட்டிமாருடைய பொறுமையைக் கும்பிடுவோம். ஆனா அந்தப் பொறுமையில் எவ்வளவு அன்பு, எவ்வளவு வேற வழி இல்லாமைன்னு அவங்களுக்கு மட்டும்தான் தெரியும். அதைக் காட்டி இன்னைக்கு ஒரு பொண்ணை “நீயும் தாங்கிக்கோ”ன்னு சொல்ல நமக்கு உரிமை இல்ல.

1982 மார்ச் 1

நம்ம எல்லாருக்கும் தெரிஞ்சிருக்க வேண்டிய தேதி இது. 1970-களின் தொடக்கத்தில் முஸ்லிம் அல்லாதவர் திருமணத்தைப் பத்தி ஆராய அரச விசாரணைக் குழு அமைச்சாங்க. அதுக்கு அப்புறம் 1976-இல் திருமண, மணமுறிவுச் சீர்திருத்தச் சட்டம் நிறைவேறுச்சு. அமலுக்கு வந்தது 1982 மார்ச் 1.

அது என்ன செஞ்சுச்சு? ஒருத்தனுக்கு ஒருத்திதான்னு ஆக்குச்சு. ரெண்டாவது கட்டினா குற்றம். கல்யாணத்தைப் பதியணும்னு சொல்லுச்சு. 1982-க்கு முன்னால வழக்கப்படி நடந்த கல்யாணங்களை அப்படியே ஏத்துக்கிச்சு, அந்தப் பாட்டி தாத்தாக்களை மறுபடி பதியச் சொல்லல. நம்ம வழக்கத்துக்கும் இடம் விட்டுச்சு. அக்கா மகளைத் தாய்மாமன் கட்டுறது மத்தவங்களுக்குக் கூடாத உறவு. இந்துக்களுக்கு மட்டும் சட்டத்திலேயே விலக்கு எழுதி வெச்சிருக்கு.

முக்கியமா, கல்யாணம் முடியணும்னா மூணே வழிதான். சாவு, கோர்ட்டு கொடுக்குற மணமுறிவு, இல்லன்னா இந்தக் கல்யாணமே செல்லாதுன்னு கோர்ட்டு சொல்றது. பஞ்சாயத்தில் தீர்த்து விட்டதோ, அடுத்த தோட்டத்துக்குப் போனதோ இனி பிரிவு ஆகாது. அதாவது, முன்னால சத்தம் இல்லாம நடந்தது எல்லாம் இப்ப கோர்ட்டு வழியா, எண்ணோட, தேதியோட நடக்கணும்.

சட்டம் பிரிவை லேசாக்கலைங்கிறதையும் தெரிஞ்சுக்கணும். கல்யாணமாகி ரெண்டு வருஷத்துக்குள்ள சாதாரணமா மனு போட முடியாது. ரொம்பக் கொடுமை இருந்தா மட்டும் விதிவிலக்கு. ரெண்டு பேரும் ஒத்துக்காத வழக்கில், கோர்ட்டுக்குப் போறதுக்கு முன்னால சமரசக் குழு முன்னால போய் உட்காரணும். அங்கே பேசிப் பார்த்து, முடியலன்னாதான் அடுத்தது. காரணமும் காட்டணும். வேற தொடர்பு, சேர்ந்து வாழ முடியாத நடத்தை, ரெண்டு வருஷம் விட்டுட்டுப் போனது, ரெண்டு வருஷம் பிரிஞ்சு இருந்தது, இப்படி.

கல்யாணம் மீட்க முடியாத அளவுக்கு உடைஞ்சு போச்சுங்கிறதையே அடிப்படையா வைக்கிற இந்த முறை இங்கிலாந்தில் இருந்து வந்தது. அங்கே அந்தச் சட்டம் 1971-இல் அமலுக்கு வந்துச்சு. 1970-இல் அங்கே மணமுறிவு சுமார் 58,000. 1972-இல் சுமார் 1,19,000. ரெண்டு வருஷத்தில் வெள்ளைக்காரன் குணம் ரெண்டு மடங்கு கெட்டுப் போச்சா? இல்ல. முன்னாலயே உடைஞ்சு கிடந்த குடும்பங்களுக்கு அப்பத்தான் பத்திரம் கிடைச்சுச்சு. நம்ம கதையிலும் ஒரு பாதி இதுதான்.

இன்னொரு பாதி: உண்மையிலேயே கூடினது

எல்லாமே கணக்கு விஷயம்னு சொல்லித் தப்பிக்க மாட்டேன். உண்மையிலேயே பிரிவு கூடியும் இருக்கு. அதுக்கு நான் பார்த்த வரைக்கும் ரெண்டு பெரிய காரணம்.

ஒண்ணு, பொம்பளை கையில் சம்பளச் சீட்டு. 1970-களில் இருந்து மின்னணு ஃபேக்டரிகள் வந்துச்சு. பினாங்கு பாயான் லெப்பாஸ் 1972-இல் தொடங்குச்சு. ஜொகூரில் செனாய், தெப்ராவ், பாசிர் கூடாங் பக்கமெல்லாம் ஃபேக்டரி வந்துச்சு. தோட்டத்துப் பெண் பிள்ளைங்க பஸ் ஏறி ஷிப்டு வேலைக்குப் போனாங்க. சொந்தப் பேர்ல பேங்க் கணக்கு, சொந்தப் பேர்ல ஈபிஎஃப். என் கீழ வேலை செய்யுற பொண்ணுங்களைத் தினமும் பார்க்குறேன். ராத்திரி ஷிப்டு முடிச்சு, வீட்டுக்குப் போய் சமைச்சு, பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பிட்டுத்தான் தூங்குறாங்க. அவங்களுக்குப் பொறுமை இல்லைன்னு யாராவது சொன்னா எனக்குச் சிரிப்புதான் வரும். அவங்க கிட்ட பொறுமையும் இருக்கு, போக வழியும் இருக்கு. பாட்டிக்கு ரெண்டாவது இல்ல. வித்தியாசம் அதுதான். சம்பளம் யாரையும் பிரிக்கிறது இல்ல. அடியையும் அவமானத்தையும் இனி சோத்துக்காகத் தாங்க வேண்டியது இல்லன்னு ஆக்குது.

ரெண்டாவது காரணம்தான் எனக்கு வருத்தம். பிடிச்சு நிறுத்துற ஆளுங்க போயிட்டாங்க. தோட்டத்தில் ஆயிரம் குறை இருந்தாலும், சண்டை ஆரம்பிச்ச அன்னைக்கே கேட்க ஆள் இருந்துச்சு. பக்கத்து லயத்தில் தாய்மாமன். எதிர் வீட்டில் சித்தி. பிள்ளையைப் பார்க்க ஆயாக்கொட்டகை. கோபத்தில் வெளிய வந்தவ ரெண்டு நாள் பெரியம்மா வீட்டில் படுத்துட்டு, மனசு ஆறித் திரும்பிப் போவா. கோயில் தலைவர் சாயங்காலம் புருஷனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லுவார்.

1950-களின் கடைசியில் இருந்து தோட்டத் துண்டாடல் வந்துச்சு. அப்புறம் கித்தா போய் செம்பனை வந்துச்சு. வேலை குறைஞ்சுச்சு. அப்புறம் தோட்டத்தையே வித்து தாமான் கட்டினாங்க, தொழிற்பேட்டை கட்டினாங்க. நம்ம செடெனாக்கையே பாருங்க. தோட்டமா இருந்த பூமியில் இன்னைக்கு தரவு மையங்கள் எழும்புது. லயம் உடைஞ்சப்போ வீடு மட்டும் உடையல, அந்தச் சொந்தபந்த வலையும் உடைஞ்சுச்சு. மாமன் குடும்பம் ஷா ஆலாமில். சித்தி குடும்பம் ஈப்போவில். இங்கே தாமான் வீட்டில் புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும், ஆளுக்கு ஒரு ஷிப்டு. இல்லன்னா அவர் விடியக்காலை நாலு மணிக்கு எழுந்து சிங்கப்பூர் போய் ராத்திரி ஒன்பதுக்கு வர்றார். வீட்டுக் கடன், காடிக் கடன், கல்யாணத்துக்கே வாங்கின கடன். பேச நேரம் ஞாயித்துக்கிழமை மட்டும். அன்னைக்குப் பேச ஆரம்பிச்சா சண்டை. சுவர் இப்ப கெட்டியா இருக்கு, பக்கத்து வீட்டுக்குக் கேட்காது. கேட்டாலும் யாரும் வர மாட்டாங்க. நமக்குத் தெரிய வர்றப்போ வக்கீல் கடிதம் வந்திருக்கும்.

பழைய தோட்டத்தில் உடைஞ்ச குடும்பம் வெளிய தெரியல. இன்னைக்கு உடையப் போற குடும்பம் வெளிய தெரியல. அன்னைக்கு அவங்களுக்குக் கதவு இல்ல, இன்னைக்குக் கதவு இருக்கு, ஆனா கூப்பிட்டுப் பேச ஆள் இல்ல. என் மனசில் பட்டது இதுதான்.

பதியாத தாலி

இதைவிடப் பெரிய பிரச்சினை ஒண்ணு நம்ம சமூகத்தில் இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு. 1982 தாண்டி 40 வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னமும் சில பேர் “கோயில்ல தாலி கட்டிட்டோம், பதிவு அப்புறம் பார்த்துக்கலாம்”னு இருக்காங்க. அந்த அப்புறம் வர்றதே இல்ல.

ஒரு பொண்ணோட கூட பதிவிலாகாவுக்குப் போனேன். பேர், ஊர் சொல்ல மாட்டேன். தாலி கட்டி ஆறு வருஷம், ஒரு பிள்ளை. புருஷன் வேற பக்கம் போயிட்டான். அவ டைவர்ஸ் கேட்கணும்னு வந்தா. கவுண்டரில் இருந்தவங்க மரியாதையாத்தான் சொன்னாங்க: “பதிவே இல்லையேம்மா, எதை முறிக்கிறது?” ஆறு வருஷக் குடும்பம், ஊரே சாப்பிட்ட கல்யாணம், கம்ப்யூட்டரில் அவ திருமணமாகாதவ. அவன் நாளைக்கே இன்னொருத்தியை முறைப்படி பதிஞ்சு கட்டலாம். இவ தடுக்க முடியாது. வெளிய வந்து படியில் உட்கார்ந்தவ அழக்கூட இல்ல. “அப்ப நான் யாரு அண்ணே?”ன்னு மட்டும் கேட்டா. எனக்குப் பதில் வரல.

நம்ம பாட்டி காலத்துக்கே திரும்பிப் போன மாதிரி இல்லையா? தாலி உண்டு, உரிமை இல்ல.

பிள்ளைக்கும் பாதிப்பு. அப்பா அம்மா கல்யாணம் பதியலன்னா, சட்டத்தின் கண்ணில் அது முறையான திருமணத்துக்கு வெளிய பிறந்த பிள்ளை. அப்பாவும் சேர்ந்து வந்து ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டாத்தான் பிறப்புப் பத்திரத்தில் அவர் பேர் ஏறும். அம்மா வெளிநாட்டுக்காரங்களா இருந்தா இன்னும் மோசம். அப்பா மலேசியரா இருந்தாலும் பிள்ளைக்குக் குடியுரிமை கிடைக்காம போகும். அடையாள அட்டை இல்லாம வளர்ந்து, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வேலைன்னு ஒவ்வொரு வாசல்லயும் நிக்குற நம்ம பிள்ளைங்க இந்த நாட்டில் இருக்காங்க. அதில் பல பேருடைய கதை, பெத்தவங்க பதியாத ஒரு கல்யாணத்தில்தான் ஆரம்பிக்குது. புருஷன் விபத்தில் போயிட்டா பெர்கேசோ பென்ஷனுக்குப் போற விதவையிடம் முதல்ல கேட்குறதும் கல்யாணப் பத்திரம்தான்.

(அந்தப் பொண்ணு மாதிரி இருக்குறவங்களுக்கு ஒரு வார்த்தை: பதிவு இல்லாட்டியும் பிள்ளைக்கு அப்பாவிடம் ஜீவனாம்சம் கேட்க 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வழி உண்டு. சட்ட உதவிப் பிரிவில் போய் விசாரிங்க. விட்டுடாதீங்க.)

கோயில் என்ன செய்யலாம்

டைவர்ஸை ஆதரிக்கிறேன்னு யாரும் நினைக்க வேணாம். எனக்கும் பொண்ணு இருக்கா. அவ நல்லா வாழணும்னுதான் தினமும் அம்மன் முன்னால நிக்குறேன். குடும்பம் நிலைக்கணும்னு ஆசைப்படுறவன்தான் இதைச் சொல்றேன். நிர்வாகத்துக்கும் பக்தர்களுக்கும் நாலு வேண்டுகோள்.

முதலாவது. பதிவுப் பத்திரம் கையில் இல்லாம நம்ம சன்னதியில் தாலி கட்ட விடக்கூடாது. மனு கொடுத்து 21 நாள் அறிவிப்புப் பலகையில் போடுவாங்க. அதுக்கு அப்புறம் பதியலாம். அதனால மண்டபம் புக் பண்ணுற அன்னைக்கே பதிவு வேலையையும் ஆரம்பிச்சுடுங்க. சில கோயில்களில் பதிவு அதிகாரம் உள்ள உதவிப் பதிவாளரே இருக்காங்க. நம்ம கோயிலும் அதுக்கு முயற்சி பண்ணலாம். மாப்பிள்ளை வீடு கோவிச்சுக்கும்னு பயப்பட வேணாம். பதிய யோசிக்கிற மாப்பிள்ளையைப் பத்தி நாமதான் யோசிக்கணும்.

ரெண்டாவது. கல்யாணத்துக்கு முன்னால ஜாதகம் பார்க்குற மாதிரி, சம்பளம், கடன், குடி, எங்கே குடியிருக்கப் போறோம், பிள்ளையை யார் பார்ப்பாங்க, இதையும் ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசட்டும். பத்துப் பொருத்தத்தில் கார் கடன் வராது. வாழ்க்கையில் வரும்.

மூணாவது. பழைய தோட்டத்துத் தாய்மாமன் வேலையைக் கோயில் எடுத்துக்கணும். வயசான ரெண்டு அம்மாமார், ரெண்டு ஐயாமார், வாய் காக்கத் தெரிஞ்சவங்களா இருக்கணும். சின்னச் சண்டையா இருக்கும்போதே வந்து பேச ஒரு இடம். ஆனா ஒரு எல்லை வேணும். அடி இருந்தா சமரசம் பேசித் திருப்பி அனுப்பக்கூடாது. போலீஸ், ஆஸ்பத்திரி, அல்லது 15999 தாலியன் காசே. அந்த வீட்டுக்கு “அனுசரிச்சுப் போம்மா”ன்னு அனுப்பினா அந்தப் பாவத்தில் நமக்கும் பங்கு உண்டு.

நாலாவது. பிரிஞ்சவங்களை ஒதுக்காதீங்க. திருவிளக்கு பூஜைக்குக் கூப்பிடும்போது ஒரு பொண்ணைத் தாண்டி அடுத்தவளைக் கூப்பிடுறது, தட்டு எடுக்க வந்த கையைப் பார்த்து “நீ வேணாம்மா”ன்னு சொல்றது, இதெல்லாம் சின்ன விஷயம் இல்ல. அவ அதுக்கு அப்புறம் கோயிலுக்கே வர மாட்டா. பிள்ளைகளையும் கூட்டிட்டு வர மாட்டா. சயாமுக்குப் போன புருஷன் திரும்பாம வேற குடும்பம் அமைச்சுக்கிட்ட எத்தனையோ பொம்பளைங்க, அதே மாரியம்மன் சன்னதியில் விளக்கு ஏத்தினவங்கதான். நம்மில் எத்தனை பேர் அவங்க வயித்துப் பேரப்பிள்ளைங்கன்னு யாருக்குத் தெரியும்? அம்மன் அவங்களைத் தள்ளல. தள்ள நாம யாரு?

அடுத்த மாசப் பொதுக்கூட்டத்தில் முதல் வேண்டுகோளையும் மூணாவதையும் முறைப்படி எழுத்தில் கொடுக்கப் போறேன். ஒத்துக்கிறவங்க வந்து கை தூக்குங்க. ஒத்துக்காதவங்களும் வாங்க, பேசுவோம். பதியாத கல்யாணம் யார் வீட்டிலாவது இருந்தா, வெட்கப்படாம கோயிலில் என்னைப் பாருங்க. செவ்வாய், வெள்ளி சாயங்காலம் இருப்பேன். பதிவிலாகாவுக்கு நானே கூட வர்றேன்.

தாயே துணை. எல்லா வீட்டிலும் விளக்கு எரியட்டும்.